கறிவேப்பிலையின் நுனியைக் கிள்ளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் மூன்று கறிவேப்பிலைச் செடிகள் நிற்கின்றன. ஆள் உயரத்தைத் தாண்டி, உச்சியில் மட்டும் ஒரு கொத்து இலையோடு, கொடிக்கம்பம் போல நிற்கின்றன. மண்ணிலும் உரத்திலும் குறை இல்லை. குறை நம் கையில்தான். ரசம் தாளிக்க வேண்டுமென்றால் கைக்கு எட்டும் அடி ஈர்க்குகளை உருவிக்கொண்டு போகிறோம். கொழுந்தைக் கிள்ளினால் செடிக்குப் பாவம் என்று அதைத் தொடுவதே இல்லை.

உண்மையில் கிள்ள வேண்டியது கொழுந்தைத்தான். உச்சியில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் தண்டு வழியே இறங்கி, இலைக்கணுக்களில் உறங்கும் மொட்டுகளைத் தலையெடுக்க விடாது. மாமியார் கூடத்தில் இருக்கும்வரை மருமகள்கள் வாய் திறக்காத அந்தக் காலத்து வீடு போல! நுனி போனால் பக்கமொட்டுகள் கிளம்பிவிடும். தமிழ்நாட்டில் செடிமுருங்கை 75 செ.மீ. வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுவது இதற்காகத்தான். கறிவேப்பிலைக்கு ஒரு மீட்டர் உயரம் கணக்கு.

என் வீட்டு வாசல் தொட்டியில் இருப்பதை இடுப்பளவில் வெட்டினேன். நாலைந்து நாள் ஒன்றும் தெரியவில்லை, மனம் அடித்துக்கொண்டது. பிறகு ஒரு காலை, வெட்டுக்குக் கீழே இலைக்காம்பின் இடுக்கில் கடுகளவு பச்சை. இப்போது ஒரு தண்டு இருந்த இடத்தில் மூன்று கிளைகள். கறிவேப்பிலைக்காகத் தேக்கா சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

வெட்டும் முறையைக் காட்டுகிறேன் என்று பேரன் கைப்பேசியில் ஒரு காணொளியைப் போட்டான். அழகாகத்தான் நுனியை நறுக்கினார்கள். விரல் விரித்தாற்போன்ற இலையைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம். “பாட்டி, இது கஞ்சாச் செடி!” என்று அவனே அலறி அணைத்தான். நம் ஊரில் அதை வளர்த்தால் சிறைதான். கஞ்சாவோ கறிவேப்பிலையோ, நுனியைக் கிள்ளினால் பக்கத்தில் கிளைப்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

கிள்ளுவது வேறு, மொட்டையடிப்பது வேறு. தோட்டத்தில் நான்காவதாக ஒரு செடி இருந்தது. வடகிழக்குப் பருவமழை கொட்டிய ஒரு டிசம்பரில், வேலி கத்தரிக்கும் இயந்திரத்தோடு வந்த ஒருவர் அதை ஓர் இலைகூட விடாமல் தட்டையாக வெட்டிவிட்டுப் போனார். வெட்டுவாயில் தண்ணீர் தேங்கி, தண்டு மேலிருந்து கறுத்துக்கொண்டே வந்து பட்டுப்போனது. மழை ஓய்ந்த நாளில், சுத்தமான கத்தரியால், கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டி, கீழே சில இலைகளையாவது விட்டிருந்தால் பிழைத்திருக்கும்.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர்கள் செடியருகே ஒரு கத்தரியைக் கட்டித் தொங்கவிட்டு, ‘நுனியிலிருந்து எடுங்கள்’ என்று நான்கு மொழிகளிலும் எழுதி வைக்கலாம். பூங்கொத்து வந்தால் அதையும் கிள்ளிவிடுங்கள், இலைக்காகத்தானே வளர்க்கிறோம். மீதமிருக்கும் மூன்றையும் பிப்ரவரியில் வெயில் வந்ததும் இடுப்பளவுக்குக் குறைக்க அனுமதி கேட்டிருக்கிறேன். கிடைத்தால், வெட்டும் இலையை அக்கம்பக்கத்தார் பை கொண்டுவந்து எடுத்துப் போகலாம்.

இப்படிக்கு,
தோ பாயோ வாசகி