மே மாத வில்லுப்பாட்டுப் பயணம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

மும்பை
9 ஏப்ரல் 2022

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். மே இரண்டாம் வாரம் நம் பள்ளிக் கலைக்குழு மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் என்று மூன்று ஊர்களுக்குப் போகிறது. வில்லுப்பாட்டு, கும்மி, கோலாட்டம் மூன்றும் உண்டு. கொரோனாவால் தள்ளித் தள்ளிப் போன பயணம். பிள்ளைகள் எவ்வளவு ஆசையாகக் காத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அந்தப் பயணத்தில் நோய் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமானது. பொறுமையாகப் படித்துவிட்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லுங்கள்.

மராத்திப் புத்தாண்டான குடி பாட்வா அன்று, ஏப்ரல் 2ஆம் தேதி முதல், மகாராஷ்டிர அரசு கொரோனா கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டது. மாஸ்க் போடுவது அவரவர் விருப்பம். அப்படியிருக்க, நம் குழுவுக்கு மட்டும் ஏன் இத்தனை விதி என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். அரசின் விதி கடைத்தெருவுக்கும் பஸ்ஸுக்கும் போட்டது. நம் பிள்ளைகள் 28 பேர் ஒன்றரை நாள் ஒரே ரயில் பெட்டியில் போவார்கள், இரவில் பக்கத்தில் பக்கத்தில் படுப்பார்கள், மேடையில் அடிவயிற்றிலிருந்து குரலெடுத்துப் பாடுவார்கள். இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் வேறு எங்கே இருக்கிறது? சாதாரணமாகப் பேசும்போது வெளிவருவதைவிட உரக்கப் பாடும்போது வாயிலிருந்து நுண்துளிகள் மிக அதிகமாக வருகின்றன. காற்றோட்டம் இல்லாத அறையில் அவை நெடுநேரம் மிதக்கும்.

2020 மார்ச் 10ஆம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் ஒருவருக்குச் சளி பிடித்ததுபோல் இருந்தது. மற்ற 60 பேரில் 52 பேருக்கு நோய் வந்தது, சிலருக்குப் பரிசோதனையிலும் சிலருக்கு அறிகுறியை வைத்தும் தெரிந்தது. இருவர் இறந்தார்கள். அந்தக் குழுவில் பெரும்பாலும் வயதானவர்கள், நம் பிள்ளைகளுக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்காகத் திருநெல்வேலியில் ஒரு கூட்டம் ஆச்சிகளும் தாத்தாக்களும் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த வயதுதான்.

பிள்ளைகள் சம்பந்தப்பட்ட இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. அதே ஆண்டு ஜூனில் ஜார்ஜியா மாநிலத்தில் பிள்ளைகள் தங்கும் கோடை முகாம் ஒன்று நடந்தது. வரும் எல்லோரும், வருவதற்கு முந்தைய 12 நாளுக்குள் எடுத்த பரிசோதனையில் தொற்று இல்லை என்று காட்ட வேண்டும். காட்டிவிட்டுத்தான் வந்தார்கள். ஊழியர்கள் மாஸ்க் போட்டார்கள், பிள்ளைகளுக்கு அது கட்டாயமில்லை. ஜன்னல்களைத் திறந்து வைக்கவில்லை. தினமும் உற்சாகமாகப் பாட்டும் கூச்சலும். அந்த மாநிலத்திலிருந்து வந்தவர்களில் பரிசோதனை முடிவு கிடைத்த 344 பேரில் 260 பேருக்குத் தொற்று. அதே கோடையில் மெயின் என்ற இன்னொரு அமெரிக்க மாநிலத்தில் நான்கு முகாம்கள், 1,022 பேர். அங்கே வருவதற்கு முன் வீட்டில் ஒதுங்கியிருந்தார்கள், முன்னும் பின்னும் பரிசோதனை, சின்னச் சின்னக் குழுக்கள், மாஸ்க், தினமும் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பு. மூன்று பேருக்குத் தொற்று இருந்தது. அவர்களைத் தனியே வைத்தார்கள், வேறு யாருக்கும் பரவவில்லை.

இரண்டுமே பிள்ளைகள் தங்கிய முகாம்கள்தான். ஒரு சான்றிதழை நம்பி அலட்சியமாக இருந்தால் என்ன ஆகும், அடுத்தடுத்துப் பல தடுப்புகளை வைத்தால் என்ன ஆகும் என்பது இந்த இரண்டிலும் தெரிகிறது. இப்போது இருக்கும் ஓமிக்ரான் 2020இல் வந்த வைரஸைவிட வேகமாகப் பரவுகிறது என்பதையும் மனதில் வையுங்கள். போன டிசம்பர் 15ஆம் தேதி சின்ன வகுப்புகளைத் திறந்தோம், ஜனவரி தொடக்கத்தில் மூடினோம், 24ஆம் தேதி மறுபடி திறந்தோம். அதற்குள் எத்தனை வீடுகளில் வரிசையாகக் காய்ச்சல் வந்தது என்று உங்களுக்கே நினைவிருக்கும்.

சரி, இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. எனக்கு வைரஸைவிடப் பெரிய பயம், காய்ச்சலை மறைப்பதுதான். மாதக்கணக்கில் பாட்டைப் பாடம் பண்ணிய பிள்ளை, கிளம்புகிற அன்று காலையில் தொண்டை கரகரத்தால் சொல்லுமா? சொன்னால் மேடை போய்விடும் என்று தெரிந்தால் சொல்லாது. வீட்டிலும் "ஒரு பாராசிட்டமால் போட்டால் சரியாகிவிடும்" என்று அனுப்பத் தோன்றும். அதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை, பிள்ளைமேல் உள்ள பாசம்தான் காரணம். ஆனால் மாத்திரை காய்ச்சலைக் குறைக்கும், பரவுவதைக் குறைக்காது. ரயிலில் ஏறியபின் நம் கையில் ஒன்றும் இல்லை.

ஆகவே மறைப்பதற்கு யாருக்கும் காரணமே இருக்கக்கூடாது என்று நாங்கள் உட்கார்ந்து பேசிச் சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். ஒவ்வொரு பங்குக்கும் ஒரு மாற்றுப் பிள்ளை தயாராகிறது. முதன்மைப் பாட்டுக்கு மூன்று பேரைப் பழக்குகிறோம். உடம்பு சரியில்லை என்று நின்றுவிடும் பிள்ளைக்கும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே சான்றிதழ் கிடைக்கும். ஜூனில் பள்ளி திறந்ததும் மும்பையில் ஒரு நிகழ்ச்சி வைப்போம், அதில் முதல் இடம் அந்தப் பிள்ளைகளுக்கு. பயணத்துக்கு நீங்கள் கட்டிய பணம் முழுவதும் திரும்ப வரும். ரயில்வே பிடித்துக்கொள்ளும் தொகையைக் குழு நிதியிலிருந்து போட்டுக்கொள்வோம். காய்ச்சல் என்று போன் செய்யும் அம்மாவிடம் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். இதற்கு நான் பொறுப்பு.

2020 ஏப்ரல் முதல் தேதி தாராவியில் முதல் நோயாளி கண்டுபிடிக்கப்பட்டபோது ஊரே நம் பகுதியைப் பார்த்துப் பயந்தது. மாநகராட்சி ஆட்கள் வீடு வீடாக வந்தார்கள், காய்ச்சல் முகாம் போட்டார்கள், வீட்டில் இடமில்லாதவர்களுக்கு வேறு இடம் கொடுத்தார்கள், சாப்பாடும் கொடுத்தார்கள். சொன்னால் நமக்கு ஏதும் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கை வந்தபின்தான் மக்கள் தாங்களாக முன்வந்து சொன்னார்கள். அந்த ஜூலையில் உலக சுகாதார அமைப்பின் தலைவரே தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அந்த நம்பிக்கையைத்தான் இந்தக் குழுவுக்குள்ளும் கொண்டுவரப் பார்க்கிறேன்.

ஒத்திகையைப் பற்றி. வகுப்பறையில் வைப்பதை நிறுத்திவிட்டோம். மாலை ஐந்தரைக்கு மொட்டை மாடியில் நடக்கிறது. வில்லுப்பாட்டில் பின்பாட்டுப் பிள்ளைகள் முன்பாட்டுக்காரர் முகத்தைப் பார்த்துக் குனிந்து "ஆமா" போடுவது வழக்கம். மூச்சுக்காற்று நேரே முகத்தில் படும். அதனால் எல்லோரையும் கூட்டத்தைப் பார்த்து, விசிறி மடிப்புபோல் விரித்து, கை நீட்டினால் தொடாத தூரத்தில் உட்கார வைத்திருக்கிறோம். முதலில் தாளம் தட்டுத்தடுமாறியது, இப்போது பழகிவிட்டார்கள். உடுக்கையில் சானிடைசர் தெளிக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் நானே சொன்னேன், தோல் கெட்டுவிடும். வாசிக்கும் முன்னும் பின்னும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஒரு மைக்கை இருவர் பிடிக்கக்கூடாது. மேக்கப்பில் பவுடர் பஞ்சு, கண் மை, உதட்டுச் சாயம் எல்லாம் ஆளுக்கு ஒரு பையில், பெயர் எழுதி. கண் மையை மாற்றி மாற்றிப் போடும் பழக்கம் கும்மிப் பிள்ளைகளிடம் அதிகம், வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ரயிலில் ஏசி வேண்டாம் என்று ஸ்லீப்பரே எடுத்திருக்கிறோம். மே மாத வெயிலில் கஷ்டம்தான், ஆனால் ஜன்னல் திறந்திருக்கும். ஸ்லீப்பரில் ஒரு தடுப்புக்கு எட்டுப் படுக்கை. ஏழு பிள்ளைகள், ஒரு ஆசிரியர் என்று நான்கு குழுக்களாகப் பிரித்திருக்கிறோம். பயணம் முழுக்க அந்த எட்டுப் பேர்தான் ஒன்றாக உட்காருவார்கள், சாப்பிடுவார்கள், ஒரே அறையில் தங்குவார்கள். நண்பர்களைப் பிரித்துவிட்டீர்களே என்று பிள்ளைகளுக்கு வருத்தம். ஆனால் முன்பாட்டுக்காரரையும் அவருடைய மாற்று ஆட்களையும் ஒரே குழுவில் போட்டால், அந்தக் குழுவில் ஒருவருக்கு நோய் வந்தாலும் மொத்த வில்லும் நின்றுவிடும். அதனால் திட்டமிட்டே பிரித்தோம். தண்ணீர் பாட்டில் ஆளுக்கு ஒன்று. ரயிலிலும் தங்கும் இடத்திலும் மாஸ்க் உண்டு, சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தவிர. மேடையில் மாஸ்க் இல்லை. மூன்று மேடைகளும் திறந்தவெளி என்று உறுதி செய்துகொண்டுதான் ஒத்துக்கொண்டோம்.

கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பிருந்து கல்யாணம், சினிமா, மால் வேண்டாம். கிளம்பும் நாள் காலையில் பள்ளியிலேயே ஆன்டிஜன் கிட் வைத்துத் தொற்று இருக்கிறதா என்று பார்ப்போம், மூன்றாம் நாள் மறுபடி. அதில் தொற்று இல்லை என்று வந்தாலும் அறிகுறி இருந்தால் ஏற்றமாட்டோம், ஏனென்றால் நோயின் தொடக்கத்தில் அந்தக் கிட் தவறவிடலாம். கிளம்பும் முன் ஒரு குழுவில் தொற்று தெரிந்தால் அந்தக் குழு முழுவதும் நின்றுவிடும். இரண்டு குழுக்களில் தெரிந்தால் பயணமே ரத்து. டிக்கெட் பணம் போகிறதே என்று யோசிக்கமாட்டோம்.

தடுப்பூசி விஷயம் சுருக்கமாக. 15 முதல் 18 வயதுக்காரர்களுக்கு ஜனவரி 3 முதலும், 12 முதல் 14 வயதுக்காரர்களுக்கு மார்ச் 16 முதலும் போடுகிறார்கள். சின்னவர்களுக்குப் போடும் கோர்பிவேக்ஸில் இரண்டாம் ஊசிக்கு 28 நாள் இடைவெளி, ஆகவே முதல் ஊசியை இந்த வாரமே போட்டுவிட்டால் நல்லது. கட்டாயம் இல்லை. 60 வயது தாண்டிய எல்லோருக்கும் மார்ச் 16 முதல் முன்னெச்சரிக்கை ஊசி, அதாவது மூன்றாம் ஊசி, உண்டு, வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போங்கள்.

வழியில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்? இதைத்தான் பலரும் கேட்கிறீர்கள். ஒவ்வொரு ஊரிலும் ஜன்னலுள்ள ஒரு தனி அறை கூடுதலாகப் பிடித்திருக்கிறோம். குழுக்களில் சேராத இரண்டு பெரியவர்கள் கூடவே வருகிறார்கள். ஒருவர் அந்தப் பிள்ளையோடு தங்குவார். உங்களுக்கு உடனே போன் வரும், வாட்ஸ்அப் குழுவில் பெயர் போடமாட்டோம். தொற்று உறுதியானால் ஏழு நாள் அங்கேயே, கடைசி மூன்று நாளாவது காய்ச்சல் இல்லாமல் இருந்தபின்தான் திரும்புவது. ரயிலில் நோயோடு அனுப்பமாட்டோம். நீங்கள் அங்கே வர விரும்பினால் வரலாம், செலவு நம் நிதியில். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒவ்வொரு குழுவிலும் இருக்கும். 94க்குக் கீழே போனாலோ, மூச்சு வாங்கினாலோ, பிள்ளை சாப்பிடாமல் துவண்டு கிடந்தாலோ காத்திருக்காமல் 108ஐ அழைப்போம்.

ஊரில் சொந்தக்காரர்கள் பார்க்க வருவார்கள். வரட்டும். நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில், திறந்தவெளியில், மாஸ்க் போட்டுக்கொண்டு பேசலாம். கட்டிப்பிடிப்பதும், யார் வீட்டிலாவது போய்ச் சாப்பிடுவதும், தங்குவதும் இந்த முறை வேண்டாம். பேரனைப் பார்த்து இரண்டு வருஷம் ஆன ஆச்சியிடம் இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஊருக்கு நீங்களே முன்கூட்டி போன் செய்து சொல்லிவிடுங்கள். பிள்ளை வாயால் சொல்ல வைக்காதீர்கள்.

திரும்பி வந்தபின் ஒரு வாரம் கவனம் வேண்டும். பத்துக்குப் பத்து வீட்டில் தனியாக இருக்கச் சொல்வதில் அர்த்தமில்லை, அது எனக்குத் தெரியாததல்ல. முடிந்ததைச் செய்யுங்கள்: பிள்ளையை ஜன்னலோரம் அல்லது வாசலோரம் படுக்க வையுங்கள், வீட்டுக்குள்ளும் மாஸ்க், தாத்தா பாட்டியின் தட்டு டம்ளரைத் தனியாக வையுங்கள், ஃபேன் காற்று வெளியே போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அறிகுறி தெரிந்தால் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடுங்கள். வீட்டில் வைக்க முடியாத நிலை வந்தால் நம் பகுதிக்கான மாநகராட்சி ஜி நார்த் வார்டு அலுவலகத்தில் பேச நானும் கூட வருகிறேன்.

ஏப்ரல் 16, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மைதானத்தில் பெற்றோர் கூட்டம். மறுநாள் ஈஸ்டர் என்பதால் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவோம். வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாவிட்டால் வீட்டில் யாராவது ஒருவர் வரட்டும். ஒப்புதல் படிவத்தை 18ஆம் தேதிக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். பிள்ளைக்கு ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, எடுத்துக்கொள்ளும் மருந்து எதுவாக இருந்தாலும் படிவத்தின் பின்பக்கம் எழுதுங்கள், அதை நானும் குழு ஆசிரியரும் மட்டுமே பார்ப்போம். அனுப்ப விருப்பமில்லை என்றாலும் அதே படிவத்தில் குறித்துக் கொடுங்கள், காரணம் கேட்கமாட்டோம்.

அன்புடன்,
தலைமையாசிரியை