கேட்டுப் பார், கலெக்டர்

அன்புள்ள கலெக்டருக்கு,

உன் பழைய பட்டப்பெயரை நான் இன்னும் விடவில்லை, பார். உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். நீ கேட்ட பழைய போட்டோவைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். அந்த மீசையோடு இருப்பது நீதான் என்று உன் மகள் நம்பினால் எனக்குச் சொல். மற்ற விசேஷங்களை அப்புறம் எழுதுகிறேன். உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உன் கடிதத்தின் கடைசிப் பக்கம். சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள், அதனால் மருத்துவக் காப்பீட்டை இந்த வருடம் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருந்தாயே, அதுதான்.

விடாதே. வேறு எதை வேண்டுமானாலும் விடு, அதை மட்டும் விடாதே. ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் என்று ஒன்று பெரும்பாலான பாலிசிகளில் உண்டு, அது முடியும்வரை அந்த நோய்களுக்குப் பணம் தர மாட்டார்கள். வருடா வருடம் விடாமல் கட்டி நீ அதைக் கடந்துவிட்டாய். இப்போது அறுந்தால், நாளைக்கு நிலைமை சரியாகித் திரும்பச் சேரும்போது அந்தக் காலம் மறுபடி முதலிலிருந்து ஓடும். வயது கூடியிருக்கும், பிரீமியமும் கூடியிருக்கும். உன் சர்க்கரையைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளவே மறுத்தாலும் மறுப்பார்கள். நீ மிச்சம் பிடிக்க நினைப்பது ஒரு வருடத்துப் பிரீமியம். இழக்கப்போவது இத்தனை வருடம் கட்டிச் சேர்த்த உரிமை.

பணத்துக்கு என்ன செய்வது என்று நீ கேட்பாய். பணம் உன் வீட்டிலேயே இருக்கிறது, கலெக்டர். மாதா மாதம் ஆட்டோ டெபிட்டில் ஓசையில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. போன வருடம் முழுக்க நான் இதில்தான் மூழ்கியிருந்தேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

ஆரம்பித்தது பெரியம்மா வீட்டில். பெரியப்பா போன பிறகு அவர் பார்த்து வந்த பில்களையெல்லாம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உனக்குத்தான் பெரியம்மாவைத் தெரியுமே, எந்தப் பில்லும் ஒரு நாள் தாமதமானதில்லை. அந்த வீட்டில் யாரும் தொடாத தரைவழித் தொலைபேசிக்கு வாடகை போய்க்கொண்டிருந்தது. இணைய இணைப்புக்கு, அதே நிறுவனம் அதே வேகத்துக்குப் புதிதாகச் சேருகிறவர்களிடம் கேட்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரூட்டருக்குத் தனியாக மாத வாடகை. இத்தனை வருட வாடகையைக் கூட்டினால் நாலைந்து ரூட்டர் வாங்கியிருக்கலாம். ஏசிக்கு ஒரு பராமரிப்பு ஒப்பந்தம். அதை வாசித்துப் பார்த்தால் உதிரி பாகம் எதுவும் அதில் சேராது, வந்து துடைத்துவிட்டுப் போவதற்கு மட்டும்தான் அந்தத் தொகை. வீட்டுக் காப்பீட்டுப் பிரீமியம் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தது. இத்தனைக்கும் அவர்கள் ஒரு தடவைகூட இழப்பீடு கேட்டதில்லை.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. ஒழுங்காகக் கட்டுகிற, எதையும் கேட்காத மனுஷி என்பதுதான் அவர் அதிகம் கட்டியதற்கு ஒரே காரணம்.

அன்றைக்கு ராத்திரியே நெட்டையனைக் கூப்பிட்டேன். அவன் பல வருடம் ஒரு நிறுவனத்தின் கால் சென்டரில் இருந்தானே, அங்கே அவன் இருந்தது விலகப் போகிறேன் என்கிறவர்களைப் பேசித் தக்கவைக்கிற பிரிவு. அப்படி ஒரு பிரிவு தனியாக இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவன் சொன்ன கணக்கு இது. ஒரு புது வாடிக்கையாளரைப் பிடிக்க விளம்பரம், முகவர் கமிஷன், ஆள் அனுப்பி இணைப்புக் கொடுப்பது, முதல் வருடச் சலுகை என்று நிறுவனத்துக்கு நிறையச் செலவு. இருக்கிறவரை விலையில் கொஞ்சம் இறங்கித் தக்கவைத்தால் அந்தச் செலவு மிச்சம். அதனால் அந்தப் பிரிவில் இருப்பவர்களின் திரையில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எவ்வளவு தூரம் இறங்கலாம் என்பது படிப்படியாக வந்து நிற்குமாம். முதல் படி, இரண்டாம் படி, மேலதிகாரியைக் கேட்டுத் தர வேண்டிய படி. ஆனால் வாடிக்கையாளர் வாயைத் திறந்து விலகுவதைப் பற்றிப் பேசாதவரை அவர்களாக எதையும் கொடுக்கக் கூடாது. சாதாரண கஸ்டமர் கேரில் எடுப்பவருக்கு அந்த அதிகாரமே கிடையாது. அவரிடம் அரை மணி நேரம் வாதாடினாலும் அவரால் ஆகாது, அவர்மேல் கோபப்பட்டும் பயனில்லை. அந்தப் பிரிவுக்கு மாற்றிவிடச் சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கொடுப்பதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைத்துக்கொண்டு, கேட்கிறவனுக்கு மட்டும் கொடுக்கிறார்கள். இது தெரிந்த பிறகு கேட்பதில் எனக்குத் துளிக்கூடக் கூச்சம் இல்லை.

உன்னைப் பற்றி எனக்குத் தெரியும். ஹோட்டல் பில்லில் தப்பு இருந்தாலும் சரி சரி என்று கட்டிவிட்டு வருகிற ஆள் நீ. பேரம் பேசுவது கௌரவக் குறைச்சல் என்று உங்கள் அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்தார். தெருவில் கூடை சுமந்து வருகிறவரிடம் பேரம் பேசக் கூடாது என்று அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் இது வேறு விஷயம். ஒரே சேவைக்கு ஆளுக்கு ஒரு விலை வைத்திருக்கிற இடத்தில், எனக்கும் குறைந்த விலையைக் கொடு என்று கேட்பது நியாயம் கேட்பது. உன் அப்பா இருந்திருந்தால் அவரே போனை எடுத்திருப்பார்.

சரி, எப்படிக் கேட்பது என்பதற்கு வருகிறேன். போன் செய்வதற்கு முன்னால் செய்கிற வேலைதான் முக்கால்வாசி. பில்லை வரி வரியாகப் படி. எதற்கு இந்தத் தொகை என்று உனக்கே புரியாத வரி இருந்தால் அடிக்கோடு போடு. பிறகு வேறு நிறுவனங்கள் அதே சேவைக்கு என்ன கேட்கிறார்கள் என்று பார்த்து எழுதி வை. நிஜமாகவே வேறு ஒரு விலை கையில் இருக்க வேண்டும். பொய்யாக மிரட்டாதே, சரி, துண்டித்துவிடுகிறோம் என்று அவர்கள் சொன்னால் நீ தடுமாறிப்போவாய். அதேபோல உன் சொந்த நிறுவனமே புதியவர்களுக்கு என்ன விலை போட்டிருக்கிறது என்பதையும் பார். பெரியம்மா விஷயத்தில் எனக்குக் கை கொடுத்தது அதுதான். ‘உங்கள் விளம்பரத்தில் இருக்கிற விலை இது, பத்து வருடத்துக்கு மேல் உங்களிடம் இருப்பவர் கட்டுகிற விலை இது, ஏன் இந்த வித்தியாசம்?’ என்று கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். இந்தச் சும்மா இருப்பது ரொம்ப முக்கியம், நெட்டையன் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னான். மறுமுனையில் மௌனம் வந்தால் நம்மில் பலர் சங்கடப்பட்டு, பரவாயில்லை, முடியாவிட்டால் விடுங்கள் என்று நாமாகவே இறங்கி வந்துவிடுவோம். அந்த நேரம் அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்கட்டும்.

குரலை உயர்த்தாதே. பேசுகிற பெண்ணோ பையனோ நெட்டையனைப் போல ஒருவர்தான், நாள் முழுக்கத் திட்டு வாங்குகிறவர். மரியாதையாகப் பேசுகிறவருக்காக மேலதிகாரியிடம் போய்க் கேட்டதும், கத்தியவரிடம் விதிமுறையை மட்டும் வாசித்துவிட்டு வைத்ததும் அவனே சொன்னது.

விலை குறைத்தார்கள் என்றதும் மகிழ்ந்து போனை வைத்துவிடவும் கூடாது. இந்த விலை எத்தனை மாதத்துக்கு, அது முடிந்ததும் என்ன விலை, இதற்குச் சம்மதித்தால் ஒப்பந்தக் காலம் புதிதாக ஆரம்பிக்குமா, நடுவில் விலகினால் என்ன கட்ட வேண்டும்? கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுத்தாக அனுப்பச் சொல். சலுகை முடிகிற தேதிக்கு ஒரு மாதம் முன்னால் நாட்காட்டியில் குறித்து வை, ஏனென்றால் மறுபடி பேச வேண்டியிருக்கும். இன்னொன்று: இரண்டு சேவையைச் சேர்த்து எடுத்தால் குறைவு என்பார்கள். இரண்டாவது உனக்குத் தேவையில்லாதது என்றால் அது குறைவே இல்லை.

உன் இணைய பிளானைப் பற்றி எழுதியிருந்தாய். உன் வீட்டில் இருப்பது மூன்று பேர். ஹெச்டி தரத்தில் ஒரு படம் ஓட நொடிக்கு 5 மெகாபிட் போதும். 4கே என்றாலும் 15 முதல் 25க்குள் முடிந்துவிடும். மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு திரையில் பார்த்தாலும் நீ கட்டுகிற வேகத்தில் கால்வாசிகூட வேண்டாம். அங்கே பேரமே தேவையில்லை, கீழ் பிளானுக்கு இறங்கினாலே போதும்.

எல்லா இடத்திலும் பேச்சு எடுபடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரசே விலை வைக்கிற மின்சாரம், தண்ணீர் போன்றவற்றில் கெஞ்சினாலும் குறையாது. மீட்டர் அளவு சரியா, தவறான வகையில் கணக்குப் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள். மருத்துவக் காப்பீட்டிலும் பிரீமியத்தை இஷ்டத்துக்குக் குறைக்க மாட்டார்கள். ஆனால் பாலிசியின் வடிவத்தை மாற்றலாம். சிகிச்சைச் செலவில் முதலில் ஒரு குறிப்பிட்ட தொகை வரை நானே கட்டுகிறேன், மீதியை நீங்கள் கொடுங்கள் என்று சொன்னால் பிரீமியம் இறங்கும். பயன்படாத துணைப் பாதுகாப்புகளை நீக்கலாம். வேறு நிறுவனத்துக்குப் போவதாக இருந்தால், நீ கடந்துவிட்ட காத்திருப்புக் காலத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா என்று எழுத்தில் வாங்கு. புதியது கைக்கு வரும்வரை பழையதை ரத்து செய்யவே செய்யாதே.

பெரிய தொகை இருக்கிற இடம் உன் வீட்டுக் கடன், அதைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை. புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு உன் வங்கி இப்போது என்ன வட்டி போடுகிறது என்று பார். உன்னுடையது மாறும் வட்டிக் கடன்தானே, வித்தியாசம் இருந்தால் எனக்கும் அதைத் தாருங்கள் என்று எழுதிக் கொடு. வங்கி ஒரு மாற்றுக் கட்டணம் கேட்கலாம், அதையும் கணக்கில் சேர். உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்: 20 வருடக் கடனில் ஆரம்பத்திலேயே வட்டி 9 சதவிகிதத்திலிருந்து 8.5க்கு இறங்கினால் தவணை ஏறக்குறைய மூன்றரை சதவிகிதம் குறையும். தவணையைக் குறைக்காமல் பழைய தொகையையே கட்டி வந்தால் 240 மாதக் கடன் சுமார் 220 மாதத்தில் முடிந்துவிடும். அரை சதவிகிதத்துக்கு ஒன்றரை வருடத்துக்கும் மேல் விடுதலை! உன் கடனில் பாதிக் காலம் போய்விட்டதால் இவ்வளவு வராது, ஆனாலும் கேட்காமல் விடுகிற தொகை இல்லை.

எனக்கு இதில் உறுத்திக்கொண்டே இருப்பது ஒன்று. நானும் நீயும் பேசி வாங்கிவிடுவோம். பெரியம்மா மாதிரி இருப்பவர்கள்? காது சரியாகக் கேட்காதவர்கள், கால் சென்டரில் பேசுகிற மொழி வராதவர்கள், இதற்கு ஒன்றை அழுத்து, அதற்கு இரண்டை அழுத்து என்கிற கணினிக் குரலைக் கேட்டுப் பயப்படுகிறவர்கள்? நமக்குக் கிடைக்கிற சலுகையில் ஒரு பங்கு அவர்கள் கட்டுகிற கூடுதல் பணத்திலிருந்துதான் வருகிறது. பிரிட்டனில் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்கிற அமைப்பு 2018இல் இதைப் பற்றி முறையான புகார் கொடுத்தது. மொபைல், இணையம், வீட்டுக் காப்பீடு, வீட்டுக் கடன், சேமிப்புக் கணக்கு என்று ஐந்து துறைகளில் பழைய வாடிக்கையாளர்கள் விசுவாசமாக இருந்ததற்காகவே நஷ்டப்படுகிறார்கள் என்று. பிறகு 2022 ஜனவரியிலிருந்து அங்கே வீட்டுக் காப்பீட்டிலும் வாகனக் காப்பீட்டிலும் புதுப்பிக்கிறவரிடம் புதியவரைவிட அதிகம் கேட்கக் கூடாது என்று விதியே வந்துவிட்டது. ஜெர்மனியில் அதே வருடம் மார்ச்சிலிருந்து, புதிதாகப் போடுகிற ஒப்பந்தங்கள் தானாக ஒரு வருடம் நீளுவதை நிறுத்திவிட்டார்கள். முதல் ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு ஒரு மாத அறிவிப்பில் விலகிவிடலாம். சட்டம் போட்டால் நடக்கிறது, பார். எல்லா இடத்திலும் அது வரும்வரை, கேட்கத் தெரிந்தவர்கள் கேட்கத் தெரியாதவர்களுக்காகவும் போனை எடுக்க வேண்டும். நம் வாத்தியாருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது, அவர் பில்களை யார் பார்க்கிறார்கள்? உனக்குப் பக்கம்தானே, ஒரு நடை போய்விட்டு வா.

முதலில் உன் வேலை. காப்பீட்டுப் புதுப்பிப்பு அறிவிப்பு, கடன் கணக்கின் கடைசி அறிக்கை, இணையப் பில், ஏசி ஒப்பந்தம் இவற்றைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. கணக்கு எண்களை மறைத்துவிடு. ஞாயிற்றுக்கிழமை காலை நெட்டையனும் என்னோடு இருப்பான், மூன்று பேரும் போனில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். உனக்குப் பேசக் கூச்சமாக இருந்தால் தங்கையிடம் போனைக் கொடு. கல்யாண மண்டபக்காரரிடம் அவள் பேசியதை நாங்கள் யாரும் மறக்கவில்லை. புதுப்பிக்கக் கடைசித் தேதி என்றைக்கு என்று நீ எழுதவே இல்லை, அதை மட்டும் இன்றைக்கே செய்தியாக அனுப்பிவிடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் கூட்டாளி