பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு: பிள்ளைகளைத் தூங்க விடுங்கள்

சங்கத் தலைவருக்கும் செயலவையினருக்கும் வணக்கம்.

நான் கிளினிக்கில் தாதியாக வேலை செய்கிறவள். என் பேத்தி இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில், அதாவது உங்கள் பள்ளியில், மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். காலை ஐந்து ஐம்பதுக்கு வேன் வந்து ஹாரன் அடிக்கும். ஐந்து மணிக்கே எழுப்பி, கண் திறக்காத பிள்ளைக்கு நின்றபடியே சட்டையும் சப்பாத்தும் மாட்டி ஏற்றிவிடுகிறோம். போன வாரம் வாயில் பாதி பிஸ்கட்டோடு வேன் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

இரவு டியூஷன் முடிய ஒன்பதரை. சாப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுதி, படுக்கப் பதினொன்று. ஆக ஆறு மணி நேரம். 6 முதல் 12 வயது வரை நாளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் சொல்லிவிட்டது.

“அந்தக் காலத்தில் நாமும் இருட்டில்தானே எழுந்தோம்” என்று செயலவையில் ஒருவர் சொன்னாராம். உண்மைதான். என் அம்மா பால்மரம் வெட்டப் போனவர், விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, கிளம்பிவிடுவார். ஆனால் ராத்திரி ஜெனரேட்டர் நின்றால் தோட்டத்து வீட்டு வரிசையான லயமே இருட்டு, எட்டரைக்கெல்லாம் நாங்கள் பாயில் கிடப்போம். இன்று எழும் நேரம் மட்டும் அப்படியே இருக்கிறது, படுக்கும் நேரம் எங்கோ போய்விட்டது. அப்புறம் இன்னொன்று: 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதனால் இங்கே பெரும்பாலும் ஏழு மணிக்கு மேல்தான் பொழுது விடிகிறது.

தூக்கம் குறைந்தால் பிள்ளை வகுப்பில் கொட்டாவி விடும், அவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள். 2004இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 விழுக்காடு குறைந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 விழுக்காடு ஏறியது. மனம் தேடியது இனிப்பையும் மாவுப் பண்டங்களையும்தான். அவர்கள் பெரியவர்கள், சரி. இங்கிலாந்தில் 9, 10 வயதுப் பிள்ளைகள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்த ஆய்வு 2017இல் வந்தது. குறைவாகத் தூங்கியவர்களுக்கு உடல் கொழுப்பும் கூடுதல், இன்சுலின் சரியாக வேலை செய்யாத அறிகுறியும் கூடுதல். தூக்கம்தான் காரணம் என்று அந்த ஒரு ஆய்வு நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் எனக்குக் கவலை வரப் போதும்.

கிளினிக்குக்கு வரும் பிள்ளைகள் சிலரின் பின்கழுத்தில் வெல்வெட் மாதிரி கறுப்புப் படிந்திருக்கும். அழுக்கு என்று நினைத்து அம்மாக்கள் தேய் தேய் என்று தேய்த்துத் தோல் சிவந்திருக்கும். அது அழுக்கில்லை அம்மா, உடம்பு இன்சுலினோடு மல்லுக்கட்டுகிறது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வில், நம் இந்திய இனத்துப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், அதாவது நீரிழிவு. எல்லா இனத்திலும் நாம்தான் முன்னே நிற்கிறோம், பெருமைப்படுகிற இடத்தில் இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. டியூஷனை எட்டு மணிக்குள் முடியுங்கள். மூன்று தோட்டம் சுற்றி வரும் ஒற்றை வேனுக்குப் பதில் இரண்டு வைத்தால் எங்கள் பிள்ளைகளுக்கு அரை மணி நேரமாவது மிச்சம். கூடுதல் செலவில் என் பங்கை நான் தருகிறேன். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்புவதை ஆசிரியர்கள் நிறுத்தட்டும். போனைப் பிடுங்கி வைக்கிற வேலை எங்களுடையது, அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த கூட்டத்தில் இதையும் ஒரு விஷயமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எனக்கு ஷிஃப்ட் இருந்தால் மாற்றிக்கொண்டு வருகிறேன். பலகாரம் வேண்டாம், பாலும் சீனியும் போடாத ஒரு தே ஓ கோசோங் போதும்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் பாட்டி