இசையின் இரைச்சல் வேறு, அச்சின் பழுது வேறு: நான்கு இசைத்தட்டுகள் குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
அனுப்புநர்: ஒரே ஆர்டரில் நான்கு பிரதிகள் வாங்கியவர்கள், சிங்கப்பூர்
பொருள்: பழுதான வினைல் தட்டுகள், தரம் குறைந்த பதிவிறக்கக் கோப்புகள், விடுபட்ட பாடகர் பெயர்கள்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உங்கள் நிறுவனம் வெளியிட்ட, இரைச்சலையே இசையாக்கும் பரிசோதனை இண்டஸ்ட்ரியல் வகை ஆல்பத்தின் நான்கு வினைல் பிரதிகளை, ஒன்று 78 வெள்ளி வீதம், பொருள் சேவை வரி உட்பட 312 வெள்ளிக்கு உங்கள் இணையக் கடையில் வாங்கினோம். பொதி கைக்கு வந்து ஏழு வாரமாகிறது. நான்கு தட்டிலும் பழுது. முதல் மின்னஞ்சலுக்கு நீங்கள் அனுப்பிய பதிலில், இந்த வகை இசையில் இரைச்சல் இயல்புதான் என்று எழுதி, அடுத்த முறை வாங்கும்போது 15 விழுக்காடு தள்ளுபடி தருவதாகச் சொல்லியிருந்தீர்கள். தள்ளுபடி எங்களுக்கு வேண்டாம். இரைச்சல் இயல்புதான் என்ற அந்த வரியைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை.

உருமி உறுமுவது அந்த வாத்தியத்தின் குணம். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து வாசிப்பவர் வேண்டுமென்றே எழுப்பும் ஒலி அது. தோல் கிழிந்த உருமியைக் கொடுத்துவிட்டு, இதுவும் சத்தம் போடும்தானே என்று எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். இண்டஸ்ட்ரியல் இசையும் அப்படித்தான். 1976இல் லண்டனில் துராபிங் கிரிஸில் குழு இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸைத் தொடங்கி இந்த இசைக்குப் பெயர் கொடுத்தது. 1980இல் மேற்கு பெர்லினில் உருவான ஐன்ஸ்ட்டூர்ட்செண்டெ நொய்பாவ்டென் குழு பழைய இரும்பையும் துளைப்பானையும் வாத்தியமாக்கியது. எந்தச் சத்தம், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்று தேர்ந்தெடுப்பதில்தான் இவர்கள் கலையே இருக்கிறது. தேர்ந்தெடுக்காத சத்தம் எது என்பதைக் கேட்டும் அளந்தும் கண்டுபிடிக்கலாம். நாங்கள் அதைச் செய்து பார்த்தோம்.

முதலில் பி பக்கம். முள் இறங்கியதும் அதைத் தாங்கும் கையான டோன் ஆர்ம் இடமும் வலமுமாக அசைகிறது. முள் பொருத்திய ஹெட்ஷெல்லுக்குக் கீழே மில்லிமீட்டர் அளவுத்தாள் வைத்துப் பார்த்தால் அசைவு 1.6 மி.மீ. அப்படியானால் ஒலி பதிந்த பள்ளச்சுருளின் மையம் நடுத்துளையிலிருந்து 0.8 மி.மீ. விலகியிருக்கிறது. இதற்கு அனுமதிக்கப்படும் அளவு 0.2 மி.மீ.தான். தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுவதால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. ஆகவே 1.8 விநாடிக்கு ஒரு முறை சுருதி ஏறி இறங்குகிறது. இரும்புத் தட்டல்கள் நிறைந்த இடத்தில் இது காதுக்குத் தப்பிவிடும். கடைசிக்கு முந்தைய பாட்டில் தப்பாது. அங்கே விருந்தினராக வந்த பாடகி ஒரே சுரத்தை முக்கால் நிமிடம் இழுத்துப் பிடிக்கிறார். மையத்திலிருந்து 7.5 செ.மீ. தூரத்தில், 0.8 மி.மீ. விலகல் சுருதியை மேலே 18 சென்ட், கீழே 18 சென்ட் என்று ஆட்டுகிறது. சென்ட் என்பது சுருதியை அளக்கும் அலகு, அரைச் சுரத்துக்கு 100 சென்ட்; ஆக மொத்த ஆட்டம் அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். தம்புரா கேட்டுப் பழகிய எந்தக் காதும் அந்த இடத்தில் சுளிக்கும். பாடகி சுருதி விடவில்லை. பதிவிறக்கக் கோப்பில் அதே சுரம் ஆடாமல் நிற்கிறது.

எங்கள் டர்ன்டேபிளைக் குறை சொல்லவும் வழியில்லை. அதே தட்டின் ஏ பக்கத்தில் டோன் ஆர்ம் அசைவதே இல்லை. இரண்டு பக்கத்துக்கும் துளை ஒன்றுதான், வினைலை அழுத்தும் உலோக அச்சான ஸ்டாம்பர்தான் வேறு. நான்கு பிரதியிலும் பி பக்க விலகல் ஒரே அளவு, உள்வளையத்தில் கீறியிருக்கும், அச்சை அடையாளம் காட்டும் மேட்ரிக்ஸ் எண்ணும் ஒன்றே. பி பக்க ஸ்டாம்பருக்கு மையத் துளை போட்டபோதே கோணலாகிவிட்டது என்பதுதான் இதற்குப் பொருள். இதே அச்சிலிருந்து ஐந்தாவது தட்டை அனுப்பினாலும் அதுவும் இப்படித்தான் ஆடும்.

பி பக்கத்தின் கடைசிப் பாட்டுக்கு வருகிறோம். இன்னொரு விருந்தினர் அதில் கிசுகிசுப்பாகப் பேசுகிறார். ஸ, ஷ, ச ஒலிகள் எல்லாம் சிதறி, எச்சில் தெறிப்பதுபோல் கேட்கிறது. காரணம் பக்கத்தின் நீளம். ஏ பக்கம் 19 நிமிடம், பி பக்கம் 27 நிமிடம். 12 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு 18 முதல் 22 நிமிடம் வரை தாராளமாக இடம் கிடைக்கும். அதைத் தாண்டினால் ஒலியளவைக் குறைத்துத்தான் பள்ளத்தை வெட்ட முடியும். பள்ளச்சுருளும் லேபிளை நெருங்கிவிடும். வெளிவிளிம்பில் பள்ளம் முள்ளைக் கடக்கும் வேகம் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. மையத்திலிருந்து 6 செ.மீ. தூரத்தில் அது 21 செ.மீ. ஆகிறது. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை, வெளியே 51 மைக்ரான் நீளத்தில் இருந்தது, அங்கே 21 மைக்ரானுக்குள் நெருக்கப்படுகிறது. முள்ளின் முனையால் அதைப் பின்தொடர முடிவதில்லை. ஆல்பத்திலேயே சீறொலி மிகுந்த குரலை மிக மோசமான இடத்தில் வைத்திருக்கிறீர்கள். நான்கு நிமிடப் பாட்டு ஒன்றை ஏ பக்கத்துக்கு மாற்றியிருந்தால் இரு பக்கமும் 23 நிமிடமாகி இருக்கும். வெட்டுவதற்கு முன் அந்தக் குரலுக்குச் சீறொலியைத் தணிக்கும் டீ-எஸ்ஸர் போட்டிருக்கலாம். இரண்டும் செய்யப்படவில்லை.

ஏ பக்கப் பழுது நான்கில் இரண்டு பிரதிகளில் மட்டும். முதல் பாட்டு தொடங்கி நாற்பது விநாடிக்குள் வலது ஸ்பீக்கரில் துணி கிழிபடும் ஓசை வருகிறது. கைப்பேசி விளக்கை அந்த இடத்தில் சாய்வாகப் பிடித்தால், பள்ளச் சுவரில் தையல் போட்டதுபோல் சாம்பல் நிறப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். உருகிய வினைல் அச்சின் பள்ளத்தை முழுதாக நிரப்பாததால் வருவது இது. சூடு போதாமலோ, அழுத்திய நேரம் போதாமலோ தட்டை அவசரமாக எடுத்திருக்கிறார்கள். இது அழுக்கு அல்ல. கார்பன் பிரஷ், பிறகு திரவம் ஊற்றி வெற்றிடக் கருவியால் உறிஞ்சிய சுத்தம், இரண்டுக்குப் பின்பும் ஓசை அதே இடத்தில், அதே அளவில் இருக்கிறது. நிலைமின்சாரமும் அல்ல, அது இடம் மாறி மாறி வெடிக்கும், இப்படி ஒரே விநாடியில் வந்து நிற்காது. முள் தட்டை அழுத்தும் எடை 2 கிராம், முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் தயாரிப்பாளர் சொன்ன அளவு. மற்ற இரண்டு பிரதிகள் இதே கருவியில் அந்த இடத்தில் சுத்தமாகப் பாடுகின்றன.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று விளம்பரம் செய்த பதிவிறக்கக் கோப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆடாசிட்டி மென்பொருளில், ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் திறந்து பாருங்கள். ஏழு பாட்டிலும் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் சீவியதுபோல் ஒரு கோடு; அதற்கு மேல் வெறுமை. 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் 48 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்கு இடம் உண்டு, இரும்பை இரும்பால் அடிக்கும்போது 16க்கு மேலும் ஒலி நிச்சயம் எழும். குறைந்த பிட் வீதத்தில் சுருக்கிய எம்பி3 கோப்பைப் பெரிய உறைக்குள் போட்டு மூடினால்தான் இப்படி வரும். கலைஞர்கள் விரும்பி வடிகட்டினார்கள் என்று சொன்னால், தனித்தனியே பாடிய நான்கு குரல்களும் ஒரே கோட்டில் வெட்டுப்பட்டது எப்படி என்றும் சொல்ல வேண்டும்.

அந்த நான்கு பேரின் பெயர்களும் உறையில் இல்லை. விற்பனைப் பக்கத்தில் அவர்கள் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டுத்தான் ஆல்பத்தை விற்றீர்கள். உள்தாளில் "விருந்தினர் குரல்கள்" என்ற இரண்டு சொல்லோடு முடித்துவிட்டீர்கள். எது யார் குரல் என்று வாங்கியவருக்குத் தெரிய வழியில்லை. இது எங்களைவிட அவர்களுக்குச் செய்த அநியாயம். 2021 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டம், படைப்பாளிகளுக்கும் நிகழ்த்துகலைஞர்களுக்கும் பெயர் குறிப்பிடப்படும் உரிமையைத் தருகிறது. உங்கள் சட்ட ஆலோசகரிடம் இதைக் காட்டுங்கள்.

நாங்கள் கேட்பது 312 வெள்ளியைத் திருப்பித் தருவது. அல்லது, பி பக்கத்துக்குப் புதிய ஸ்டாம்பர் செய்து, சோதனைக்காக முதலில் அச்சிடும் டெஸ்ட் பிரஸ்ஸிங்கில் மைய விலகலை அளந்து சரிபார்த்த பிறகு அச்சிட்ட நான்கு தட்டுகள்; எப்போது கிடைக்கும் என்ற தேதியும் எழுத்தில் வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தாலும், மூலப் பதிவிலிருந்து எடுத்த உண்மையான கோப்புகளையும், பாட்டுவாரியாகப் பாடகர் பெயர் அச்சிட்ட தாளையும் இந்த ஆல்பத்தை வாங்கிய எல்லாருக்கும் அனுப்புங்கள்.

2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும், பழுதான பொருளை வாங்கியவருக்குப் பாதுகாப்புத் தரும் லெமன் சட்டத்தின்படி, பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் தெரியவரும் பழுது, ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிறுவும் பொறுப்பு விற்றவருடையது. 14 நாளில் பதில் வராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடமும், தேவைப்பட்டால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்திடமும் போவோம்.

அளவுத்தாளோடு எடுத்த டோன் ஆர்ம் காணொளி, பள்ளத்தின் படங்கள், ஏழு ஸ்பெக்ட்ரோகிராம்கள், ரசீது எல்லாம் இணைப்பில் உள்ளன. தட்டுகளை உறையோடு நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வைத்திருக்கிறோம். எடுத்துச் செல்ல வருபவரிடம் 12 அங்குலத் தட்டுக்கான கெட்டி அட்டைப்பெட்டி கொடுத்தனுப்புங்கள். நீங்கள் அனுப்பிய பெட்டியின் மூலைகள் வரும்போதே நசுங்கியிருந்தன.

இப்படிக்கு,
ஆர்டரில் பெயர் உள்ள நால்வர்