வறுமைக் கோடு வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது

ஆசிரியருக்கு,

உலகில் வறுமை குறைந்தது என்று செய்தி போடும்போது, அந்த எண் எப்படி வருகிறது என்றும் இரண்டு வரி சேருங்கள். குடும்பத்தின் மொத்தச் செலவைத் தலைக்கணக்கில் வகுத்து, உலக வங்கியின் கோட்டோடு ஒப்பிடுகிறார்கள். 2025 ஜூன் முதல் அது வாங்கும் திறன் சமநிலைப்படி, அதாவது நாட்டுக்கு நாடு விலை மாறுவதைச் சரிசெய்து, ஒருவருக்கு நாளுக்கு 3 டாலர். நால்வர் உள்ள வீட்டில் 14 டாலர் செலவானால் தலைக்கு மூன்றரை. நால்வரும் கோட்டுக்கு மேலே. கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்கு இரண்டு டாலர் அளவுதான் கிடைத்தது என்றாலும் ஏட்டில் அவள் ஏழையல்ல!

நேரமும் இப்படித்தான் காணாமல் போகிறது. கணக்கெடுக்க வருகிறவர் பெண்ணிடம் "நேற்று என்ன வேலை செய்தீர்கள்?" என்றால் "வீட்டில் சும்மாதான் இருந்தேன்" என்று பதில் வரும். அரைமணிக்கு ஒரு கட்டமாகக் கேட்டால் தண்ணீர், விறகு, அடுப்பு எல்லாம் வெளியே வரும். அப்போதும், சமைத்துக்கொண்டே குழந்தையைப் பார்த்தது நழுவிவிடும், "கூடவே வேறென்ன செய்தீர்கள்?" என்று படிவத்தில் தனிப் பத்தி வேண்டும். ஊதியமில்லாப் பராமரிப்பு வேலையில் நான்கில் மூன்று பங்கைப் பெண்களே செய்வதாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்கிட்டது.

உணவை ஆள்வாரியாக அளப்பது கடினம், செலவும் கூடும். ஆனால் நிலம், சேமிப்பு, கடன் யார் பெயரில் என்று ஒவ்வொருவரிடமும் தனியே கேட்கப் படிவத்தில் ஒரு பக்கம் போதும்.

— ஒரு வாசகர்