17 டாலர் கிட்டார்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே பெரிதாக ஒன்றுமில்லை. முட்டிவலி அப்படியே இருக்கிறது, மழைதான் வரவில்லை.

கொஞ்ச நாளாக லொரெட்டா லின் பாட்டாகவே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் நாட்டுப்புறப் பாட்டு மரபில் வந்த கன்ட்ரி இசையின் பாடகி. 1932-இல் கென்டக்கி மலைப்பக்கம், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி வீட்டில் எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவதாகப் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். உடனே நாட்டின் மறுகோடியில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்துக்குக் குடிபோய், வரிசையாகக் குழந்தைகள். பாட்டெல்லாம் வீட்டு வேலைக்கு நடுவில்தான்.

அவர் கணவர் டூலிட்டில் இருக்கிறாரே, அவரைத்தான் என்னால் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை. 17 டாலருக்கு கிட்டார் வாங்கிக் கொடுத்து, மேடை ஏறவே கூசிய மனைவியை விடாப்பிடியாகப் பாட வைத்தவர் அவர். 1960-இல் முதல் இசைத்தட்டு வந்ததும் இருவரும் காரை எடுத்துக்கொண்டு வானொலி வானொலியாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். படுக்கை காரில், சாப்பாடு சான்ட்விச். அந்தப் பாட்டு கன்ட்ரி பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் 14-ஆம் இடம் வரை போனது. அதே வருஷம் நாஷ்வில் நகரத்தில் கன்ட்ரி இசைக்குப் பேர்போன கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையிலும் லொரெட்டா பாடிவிட்டார்.

அப்புறம் பார், அதே மனிதர் குடிப்பார், வேறு பெண்களிடமும் போவார். லொரெட்டா அழுதுகொண்டு உட்காரவில்லை, பாட்டாக எழுதிவிட்டார்! குடித்துவிட்டு வீட்டுக்கு வராதே என்று புருஷனிடம் சொல்கிற பாட்டுதான் அவருக்கு முதல் முறையாக முதலிடம் வாங்கிக் கொடுத்தது. 1972-இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருது வாங்கிய முதல் பெண்ணும் அவரே. கருத்தடை மாத்திரை பற்றி 1975-இல் பாடியபோது பல வானொலிகள் ஒலிபரப்ப மாட்டோம் என்றன. இருந்தும் பாட்டு ஓடியது.

இத்தனைக்குப் பிறகும் கணவரை விட்டுப் போகவில்லை, 1996-இல் அவர் சாகும்வரை கூடவே இருந்தார். லொரெட்டா போனது 2022-இல், தொண்ணூறு வயதில். அந்த கிட்டார் இல்லாவிட்டால் இந்தப் பாடகியே இல்லை என்று நான் அந்த ஆளுக்காகக் கொஞ்சம் வாதாடினேன். என் வீட்டுக்காரி ஒத்துக்கொள்ளவில்லை. "கிட்டார் வாங்கினவன் பாட்டுக்கான கஷ்டத்தையும் சேர்த்தே கொடுத்திருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தங்கச்சியிடமும் கேட்டு எழுது. நீ யார் பக்கம் என்பதையும்தான்.

அன்புடன்,
கண்ணன்