அத்தி ஈ: அடையாளம் முதுகில்

ஆசிரியருக்கு,

பழங்களைத் தாக்கும் சிற்றீக்கள் பற்றிய கட்டுரையில் ‘ஸாப்ரியோனஸ் இண்டியானஸ்’ என்ற அத்தி ஈ விடுபட்டுவிட்டது. 1970இல் இந்திய மாதிரிகளைக் கொண்டு விவரிக்கப்பட்டாலும், இதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. 1999இல் பிரேசிலிலும் 2005இல் ஃபுளோரிடாவிலும் பதிவாகியிருக்கிறது.

நீளம் சுமார் 3 மி.மீ.; சிவந்த கண்கள், மஞ்சள் கலந்த பழுப்பு உடல். தலையிலிருந்து மார்பின் பின்விளிம்பு வரை, இருபுறமும் கறுப்பு ஓரமிட்ட வெள்ளிக் கோடுகள் ஓடும். மேலிருந்து படமெடுத்தால் பளிச்சென்று தெரியும். பலரும் பக்கவாட்டில் எடுத்துவிட்டு இது என்ன ஈ என்று கேட்கிறார்கள்! கோடுள்ள பிற ஸாப்ரியோனஸ் இனங்களிலிருந்து பிரித்தறிய, முன்கால் தொடையிலுள்ள முள்வரிசையை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். முட்டையில் நான்கு இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும்; ஆய்வகங்களில் வளர்க்கும் டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்ற பழ ஈயின் முட்டையில் இரண்டுதான்.

இதன் முட்டையிடும் உறுப்புக்குக் கெட்டித் தோலைத் துளைக்கும் வலுவில்லை. அதனால் வெடித்த, அடிபட்ட பழங்களையே நாடும். அத்திப்பழம் மட்டும் தப்ப முடியாது: நுனியிலுள்ள இயற்கைத் துளையருகே, பழம் மரத்தில் இருக்கும்போதே முட்டையிட்டுவிடும். புழுக்கள் உள்ளே நுழைய, பழம் நொதித்து வீணாகும்.

வினிகர்ப் பொறி, ஈ வந்துவிட்டதா என்று காட்டும், பெருக்கத்தை அடக்காது. உதிர்ந்த பழங்களைக் குப்பைக்குழியில் திறந்து போட்டால் அங்கேயே அடுத்த தலைமுறை வெளிவரும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் வைக்க வேண்டும்.

– பூச்சியியல் வாசகர்கள்